விஜிதரனின் கால் எரிச்சல்

முப்பத்தொரு வருஷம் நான் கங்காணி வேலை பார்த்தவன். லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சோலைமலைக் கங்காணி என்றால் இன்றைக்கும் தெரியாதவர் இல்லை. நல்ல பெயரால் தெரியும் என்று சொல்ல மாட்டேன். கொழுந்துப் பை நிறுவைக்கு வரும்போது மேலாக நாலு கொழுந்தைப் பார்த்துவிட்டு அனுப்புகிற ஆள் இல்லை நான். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு அடியைத் தடவுவேன். கல்லோ, முத்தல் இலையோ, ஈரமோ, எதுவானாலும் அடியில்தான் இருக்கும். ஒருதரம் நனைத்த கம்பளித் துண்டு ஒன்றை ஒரு பையின் அடியிலிருந்து உருவி எடுத்திருக்கிறேன். அந்தப் பைக்காரி அழுத அழுகையைப் பார்த்தால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். நான் நம்பவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. என் மருமகன் விஜிதரனைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டரை வருஷமாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது இந்தக் கண்தான். முகத்துக்கு நேரே 'மாப்புள, வாங்க, போங்க' என்பேன். மனசுக்குள் 'இவன் பையின் அடியில் என்ன இருக்கிறது' என்றுதான் ஓடும்.

விஜிதரன் டயகமப் பக்கத்துப் பையன். தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லை. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு கொழும்பில் ஒரு போன் கடையில் மூன்று வருஷம் பழுது பார்க்கிற வேலையில் நின்றான். கொரோனாவில் கடையை மூடினார்கள், மலைக்குத் திரும்பினான். எங்கள் தோட்டத்தில் ஒரு சொந்தக்காரர் காம்பராவில், அதாவது வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில், தங்கிக்கொண்டு, போகிற வருகிற ஆட்களின் போன்களைப் பழுது பார்த்துக் கொடுத்தான். என் ஒரே மகள் வினோதாவின் போன் அந்த வருஷம் ஐந்து தடவை பழுதானது. ஒரு போன் எத்தனை தடவைதான் பழுதாகும்? ஆறாவது தடவை நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். போன் மேசையில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் சந்தேகம் பொய்த்ததில்லை என்பதற்கு இதையும் ஒரு சாட்சியாக வைத்துக்கொண்டேன். பிறகு கல்யாணத்தையும் நானே செய்துவைத்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் தோட்டத்து வேலைக்கு வந்தான். தேயிலைக்கு நிழல் கொடுக்கிற சபுக்கு மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அவன் வேலை. அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. கயிற்றை இடுப்பில் சுற்றினான் என்றால் கீழே நிற்கிற எங்களுக்குக் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு ஐந்து நிமிஷத்தில் போய்விடுவான். கெண்டைக்கால் இரண்டும் கல்லு மாதிரி இருக்கும்.

ஆனி மாதத்து மழை நாள் ஒன்றில் விழுந்தான். மரம் நனைந்திருந்தது, பனிமூட்டம் வேறு. கீழே மழைத்தண்ணீர் ஓடுகிற கானின் கல் விளிம்பில் முதுகு பட்டது. கொழுந்து லொறியில் பலகை போட்டுக் கிடத்திக்கொண்டு போனோம். நெஞ்சு மட்டத்தில் முள்ளந்தண்டு நரம்பு நசுங்கிவிட்டது, அதற்குக் கீழே அசைவும் வராது, உணர்ச்சியும் வராது என்றார்கள். ஏழு மாதம் ஆஸ்பத்திரி மாறி ஆஸ்பத்திரி. திரும்பி வரும்போது சக்கர நாற்காலியில் வந்தான். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற த்ரீவீல் ஓட்டும் றோலண்ட், லயத்துப் படியை உடைத்து நாற்காலி ஏறுகிற மாதிரி சிமெந்துச் சரிவு கட்டிக் கொடுத்தான்.

என் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். வேலையும் விட்டாயிற்று. வினோதா காலையில் கொழுந்தெடுக்கப் போனால் நாலரை மணிக்குத்தான் வருவாள். அதுவரைக்கும் வீட்டில் நானும் அவனும். முன் இஸ்தோப்புத் திண்ணையில் கட்டிலைப் போட்டு, குறுக்கே ஒரு பலகையை வைத்து, அதில் அவன் மறுபடி போன் பழுது பார்க்கத் தொடங்கினான். கை இரண்டும் அவனுக்கு நன்றாக வேலை செய்யும். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பேப்பருக்கு மேலாக அவனையும் படிப்பேன்.

அவன் சொல்கிற வலிதான் எனக்குப் பிடிபடவில்லை.

"கால நெருப்புல வச்ச மாதிரி எரியுது மாமா. வெரல யாரோ முறுக்கி முறுக்கி எடுக்குறாப்புல இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "கால் ஒண்ணு மேல ஒண்ணு மடிஞ்சு கெடக்கு, கொஞ்சம் நீட்டி விடுங்களேன்" என்பான். போர்வையைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு காலும் நேராகத்தான் கிடக்கும். "நேராத்தான் இருக்கு மாப்புள" என்பேன். அவன் எட்டிப் பார்ப்பான், ஆமாம் என்பான், ஆனால் முகம் நம்பாது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டினேன். அவர் ஊசி ஒன்றை எடுத்துப் பெருவிரலில் தொடங்கி மேலே மேலே குத்திக்கொண்டு வந்தார். "தெரியுதா?" "இல்ல சேர்." முழங்கால், தொடை, வயிறு, எங்கேயும் இல்லை. நெஞ்சுக்கு வந்ததும் துடித்துப் போனான். வெளியே வந்து டிஸ்பென்சர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உணர்ச்சியே இல்லாத காலு எப்புடி எரியும் கங்காணி? இதெல்லாம் நம்ம டிஸ்பென்சரியில பாக்குற காரியமில்ல. பெரிய கிளினிக்ல காட்டுங்க." முதல் பாதி எனக்குப் போதுமாக இருந்தது. பின் பாதியை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து கவனித்தேன். கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. போன் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு குண்டூசி முனை அளவு ஸ்க்ரூவைக் கழற்றும்போது ஒரு முனகல் வராது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்க மாட்டான். வேலை முடிந்து மூடினான் என்றால் உடனே "அப்பா, அம்மா" தொடங்கிவிடும். அப்படியென்றால் வலி எங்கே போயிருந்தது? பனி இறங்குகிற நாலு மணிக்கு அதிகம். அதுதான் வினோதா வீடு திரும்புகிற நேரமும். பெண்டாட்டி வாசலில் கால் வைக்கும்போது கத்துகிறவனை நான் என்னவென்று நினைப்பது? கொழுந்து மலையில் நான் தலையைத் திருப்பினால் ஆட்களின் கை நின்றுவிடும், திரும்பிப் பார்த்தால் கை ஓடும். அப்படி எத்தனை பேரைப் பார்த்தவன் நான்.

இதற்கிடையில் வினோதாவுக்கு ஒரு கடிதம் வந்தது. பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். கண்டியில் மூன்று மாதம் தங்கிப் படிக்க வேண்டும். அவள் ஏ.எல். வரைக்கும் படித்தவள், அட்டைக்கடியோடு கொழுந்துப் பை சுமந்துகொண்டு திரிகிறாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். விண்ணப்பப் படிவத்தை அவள் கையில் கொடுத்த கிழமையே இவனுக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது. அழுதான். ஆம்பிளை, என் முன்னாலேயே தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகையைப் பார்த்தபோது எனக்கு அந்த நனைந்த கம்பளித் துண்டுதான் ஞாபகம் வந்தது.

வினோதா பின்பக்கம் பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"போர்ம் நெரப்பிட்டியா புள்ள?"

"தொலஞ்சு போச்சுப்பா. நான் போகல. இவர விட்டுட்டு எப்புடிப் போறது?"

"அதுக்குத்தானே அவரு இப்புடிக் கத்துறாரு. நடிப்பு புள்ள. செத்த காலு எரியுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது. "நிரூபிங்க. பொய்யின்னு நீங்க நிரூபிச்சிட்டீங்கன்னா, டிரெய்னிங் மட்டுமில்ல, இந்தக் காம்பராவ விட்டே வந்துர்றேன். நிரூபிக்காம இனி ஒரு வார்த்த பேசக்கூடாது."

கோபத்தில் சொன்ன பேச்சு அது. நான் அதைக் கோபமாக எடுக்கவில்லை, ஒப்பந்தமாக எடுத்தேன். என் மகளின் வாழ்க்கை அந்தக் கட்டிலுக்குக் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்து எடுக்க வேண்டியது நான்தான் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் மத்தியானம் அவன் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைப் போட்டுவிட்டுத் தூங்கினான். அந்த மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டான். நான் பழைய பழக்கத்தில் மெத்தைக்கு அடியில் கையை விட்டேன், முழங்கை வரைக்கும். மடித்த தாள் ஒன்று அகப்பட்டது. கண்ணாடி அப்போது என்னிடம் இல்லை. மேலே பெரிய எழுத்தில் இருந்த தலைப்பும் வினோதாவின் பெயரும் மட்டும் தெரிந்தது. தொலைந்து போன படிவம்! பெண்டாட்டி படிக்கப் போகக்கூடாது என்று ஒளித்து வைத்திருக்கிறான். பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாட்சி ஒன்று கிடைத்தது, இன்னொன்று வேண்டும்.

காஞ்சோண்டிச் செடி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஓடைக்கரையில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். இலையிலும் தண்டிலும் சுணை. பட்டால் பட்ட இடம் தடித்துப் பொழுது சாயும் வரைக்கும் எரியும். அந்தக் காலத்துக் கங்காணிமார் இதை வைத்து ஒரு வேலை செய்வார்கள். சுகமில்லை என்று மலையில் யாராவது படுத்துவிட்டால் காஞ்சோண்டி ஒரு கொத்து ஒடித்து வந்து காலில் தடவுவார்கள். பொய்யாகப் படுத்தவன் எழும்பி ஓடுவான். எனக்குப் பதினாறு வயதில் காய்ச்சலோடு தேயிலைக்கு அடியில் படுத்திருந்தபோது எனக்கும் அது நடந்தது. எழும்பி ஓடினேன், சாயங்காலம் வரைக்கும் புல்லு வெட்டினேன். எழும்பினான் அல்லவா, அப்போ காய்ச்சல் பொய்தானே என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நான் கங்காணியான பிறகு ஒருவர் மேலும் அதைத் தடவியதில்லை. கொத்தைத் தூரத்தில் காட்டினாலே போதுமாக இருந்தது.

அன்றைக்குத் தடவினேன். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு கொத்து ஒடித்து வந்தேன். போர்வையை விலக்கினேன். மரம் ஏறிய அந்தக் கெண்டைக்கால் காணாமல் போயிருந்தது. எலும்பின் மேல் தோல் தொங்கியது. ஒரு நிமிஷம் மனசு கஷ்டப்பட்டது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் என் பக்கம் கிடந்த இடது காலில் பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் இரண்டு தடவை நன்றாக இழுத்தேன். கால் தானாக ஒருதரம் உதறியது. முகத்தில் ஒன்றும் இல்லை. மூச்சு அதே மூச்சு.

காஞ்சோண்டிக்கே எரியாத கால்! வினோதா வரட்டும் என்று ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். கண்ணைத் திறந்தான்.

"மாமா... தல... தல வெடிக்குது மாமா."

முகமும் கழுத்தும் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தது. நான் செய்ததைப் பார்த்துவிட்டான், அதனால் நடிக்கிறான் என்று நினைத்தேன். நடிக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பிறகு நெற்றியிலிருந்து வியர்வை ஓடத் தொடங்கியது. அந்தக் குளிரில், சொட்டுச் சொட்டாக. நெஞ்சுக்கு மேலே எல்லாம் நனைந்திருந்தது, கீழே வயிறும் காலும் காய்ந்து சில்லிட்டுக் கிடந்தது. கண்ணைத் திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை என்றான். வியர்வையை யாரும் நடிக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "றோலண்ட்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவன்தான் ஆம்புலன்ஸ் நம்பர் 1990க்கு போன் அடித்தான். ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்த பையன் பிரஷர் பார்த்துவிட்டு உடனே விஜிதரனைத் தூக்கி உட்கார வைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டொக்டர், டிலுக்ஷி என்று பெயர். கொட்டகலைப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. வாய்க்குள் ஏதோ மருந்தை வைத்துவிட்டு, மூத்திரம் போகிற குழாயைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், முதுகில் புண் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். எதையோ தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. தேடுகிற ஆளை எனக்குத் தெரியாதா? கடைசியில் போர்வையைக் கால் வரைக்கும் விலக்கினார். இடது கால் முழுக்கத் தடித்துச் சிவந்திருந்தது.

"ஐயா, இது என்னா?"

"அட்ட கடிச்சிருக்கும் டொக்டர்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அட்ட கடிச்சா இப்புடித் தடிக்காதுங்க ஐயா. நானும் லயத்துலதான் பொறந்தேன். இது காஞ்சோண்டி."

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ பேரை இப்படி நிற்க வைத்திருக்கிறேன். நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் திட்டவில்லை. ஒரு தாதியைக் கூப்பிட்டுக் காலைத் துடைத்து மருந்து போடச் சொல்லிவிட்டு, என்னை வராந்தா வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்.

"அவருக்குத் தெரியலன்னாலும் ஒடம்புக்குத் தெரியும் ஐயா. கீழ உள்ள நரம்பு கத்துது, மேல உள்ள மூளையால அத அடக்க முடியல, நடுவுல வழி அறுந்து போச்சு. அதனாலதான் பிரஷர் அப்புடி ஏறிச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் கேட்டேன், என் புத்தி அப்படி. "அப்ப அந்த எரிச்சல்? காஞ்சோண்டி தெரியாத காலு எரியுதுன்னு சொல்றது?"

"நீங்க கங்காணியா இருந்தீங்கன்னு சொன்னீங்க இல்ல? பெரட்டுல பேர் கூப்புடுவீங்களா?"

"கூப்புடுவேன்." காலையில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிறதைத்தான் நாங்கள் பெரட்டு என்கிறோம்.

"ஒரு ஆளு பதில் சொல்லலன்னா?"

"இன்னும் சத்தமாக் கூப்புடுவேன்."

"மூளையும் அதத்தான் செய்யுது. காலுக்குன்னு மூளையில ஒரு எடம் இருக்கு. மூணு வருஷமா அந்த எடத்துக்குக் கால்லருந்து ஒரு சேதியும் சரியா வரல. சும்மா இருக்காது ஐயா, கூப்புட்டுக்கிட்டே இருக்கும், சத்தம் கூடிக்கிட்டே போவும். பக்கத்துல உள்ள எடங்களும் அதுக்குள்ள நொழஞ்சு கலஞ்சு போயிரும். வலிய வடிகட்டுற எடமும் மாறிப் போவும். இப்புடி நரம்பு வலி உள்ளவங்க மூளைய ஸ்கேன்ல படம் எடுத்துப் பாத்து, மாற்றம் இருக்குன்னு எழுதியிருக்காங்க. எல்லாம் முழுசாத் தெரிஞ்சிருச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவருக்கு எரியுறது நெசம்."

"போன் செய்யிறப்போ மட்டும் எரியலியே?"

"மூளைக்கு வேற வேலை கெடச்சா சத்தம் கொறயும். கவல வந்தா கூடும். குளிருக்கும் சில பேருக்குக் கூடும். பொய்யா இருந்தாத்தான் ஐயா எப்பவும் ஒரே மாதிரி இருக்கும்."

கவலை வந்தால் கூடும் என்றார். பெண்டாட்டி மூன்று மாதம் கண்டிக்குப் போகப் போகிறாள் என்றால் எவனுக்குத்தான் கவலை வராது? நான் அதைத்தான் நடிப்பு என்று எழுதி வைத்திருந்தேன். காய்ச்சலோடு புல்லு வெட்டிய அந்தப் பதினாறு வயதுப் பயலும் அப்போது ஞாபகத்துக்கு வந்தான். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இருந்தது, நிஜமாகவே இருந்தது.

"வீட்டாளுங்க கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று எழும்பும்போது கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

வினோதா மலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குகூட அவிழ்க்கவில்லை. றோலண்ட் த்ரீவீலில் கூட்டி வந்திருக்கிறான். விஜிதரனுக்குப் பிரஷர் இறங்கியிருந்தது. சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"மாமா, வீட்டுக்குப் போனா மெத்தைக்கு அடியில ஒரு போர்ம் இருக்கு. நாளைக்குத்தான் கடைசி நாளு. இவ முந்தியத அடுப்புல போட்டுட்டா. நான் கொட்டகலைக்குப் போன ஒரு ஆள்கிட்டச் சொல்லி வேற எடுப்பிச்சு, எல்லாம் நெரப்பி வச்சிருக்கேன். இவ கையெழுத்து மட்டுந்தான் இல்ல. நீங்க சொன்னாத்தான் போடுவா. எனக்குக் கத்தாம இருக்க முடியல, நான் கத்துனா இவ போக மாட்டேங்குறா. அதான் எடுத்துக் குடுக்க நேரமே வாய்க்கல."

தாள் என் சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்தது. வெளியே எடுத்தேன். வினோதா என் கையிலிருந்து வாங்கிப் பிரித்தாள். பெயர், முகவரி, படிப்பு, எல்லாம் அவனுடைய சின்னச் சின்ன எழுத்தில். குடும்ப நிலை என்று கேட்டிருந்த இடத்தில் 'கணவர் வீட்டில் இருந்தே தொழில் செய்கிறார், தன்னைத் தானே பார்த்துக்கொள்வார்' என்று எழுதியிருந்தான்.

"இது எப்புடி உங்க பையில வந்துச்சு மாமா?" என்று கேட்டான்.

சொன்னேன். படிவத்தை எடுத்ததைச் சொன்னேன், காஞ்சோண்டியைச் சொன்னேன், அவன் தலை வெடிக்குது என்றபோது நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அந்தக் கடைசி விஷயத்தை ஒளித்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஒளிக்க முடியவில்லை.

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வினோதாதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"நிரூபிச்சிட்டீங்களாப்பா?"

அவள் றோலண்டிடம் பேனை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். தாளை என்னிடம் தரவில்லை, றோலண்டிடம் கொடுத்தாள். மறுநாள் அவன்தான் கொட்டகலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதம். வினோதா இப்போது கண்டியில் இருக்கிறாள். போகும்போது அவனிடம் அரை மணி நேரம் பேசினாள், என்னிடம் மாத்திரை நேரத்தை மட்டும் சொன்னாள். டொக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, போகவில்லை, முழுக்கப் போகாது என்று அவரும் சொல்லிவிட்டார். சமைப்பதும், இரண்டு மணிக்கு ஒருதரம் அவனைப் புரட்டிப் படுக்க வைப்பதும், காலில் புண் வந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பதும் நான்தான். வேறு ஆள் இல்லாததால் அவன் என்னைச் செய்ய விடுகிறான். மன்னித்துவிட்டான் என்று நான் நினைக்கவில்லை. தேவைக்கு மேல் பேச மாட்டான்.

நேற்று நாலு மணிக்குப் பனி இறங்கியது. கடைசிப் போனை மூடிப் பலகையில் வைத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான், முடியவில்லை.

"எரியுது" என்றான்.

இரண்டரை வருஷம் அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன், நேரத்தைப் பார்த்திருக்கிறேன், மெத்தைக்கு அடியில் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டிய ஒன்றை ஒருநாளும் கேட்டதில்லை.

"எந்தக் காலு மாப்புள?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தான். போர்வை நுனியை எட்டிப் பிடித்துக்கொண்டான். நான் ஸ்டூலிலிருந்து எழும்பாமல் இரண்டு கையையும் விரித்து, முன்னாலும் பின்னாலும் திருப்பிக் காட்டினேன். அவன் நன்றாகப் பார்த்தான். பிறகு போர்வையை விட்டான்.

"வலது காலு மாமா" என்றான்.